டூலுக்கு நம்பர், பாக்கெட்டுக்கு அல்ல

கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று எந்தப் பக்கம் போய் ஒரு சின்ன ஜாப் ஷாப்புக்குள் நுழைந்தாலும், விஎம்சி (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மில்லிங் மெஷின்) கதவில் செலோ டேப் போட்டு ஒட்டிய ஒரு காகிதம் கண்ணில் படும். கூலண்ட் தெறித்து ஓரம் மஞ்சளாகியிருக்கும். டி1 ஃபேஸ் மில், டி2 12 எண்ட் மில், டி3 6.8 டிரில் என்று வெட்டும் டூல்களின் பட்டியலைப் பேனாவில் எழுதியிருப்பார்கள்; டி3ஐ அடித்துவிட்டு 8.5 என்று வேறொருவர் கையெழுத்தில், அதையும் அடித்துவிட்டு இன்னொன்று. மேகசினை, அதாவது டூல்களை மாட்டி வைத்திருக்கும் சுழல் அடுக்கை, சுற்றவிட்டுப் பார்த்தால் அந்த மூன்றுமே இருக்காது, நைட் ஷிப்டில் யாரோ மாட்டிவிட்டுப் போன ரீமர் இருக்கும்.

இதற்கு நாம் எல்லாரும் ஆபரேட்டரைத்தான் திட்டுவோம். என்னைக் கேட்டால் ஆபரேட்டர் மேல் தப்பு கொஞ்சம்தான். டி3 என்ற நம்பர் எதைக் குறிக்கிறது என்று அந்த ஷாப்பில் யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவே இல்லை, கோளாறு அங்கேதான்.

நான் வேலை பார்க்கும் இடமும் அப்படி ஒரு ஜாப் ஷாப்தான். மூன்று விஎம்சி, ஒரு டர்னிங் சென்டர். பம்ப்புக்கு வார்ப்பிரும்பு பாகங்கள், டெக்ஸ்டைல் மெஷினுக்கு அலுமினியம், அப்புறம் இஎன்8 ஸ்டீலில் ஃபிக்ஸ்சர், ஜிக் வேலை. லாட் ஐம்பது, நூறுக்கு மேல் போவது அபூர்வம், வாரத்துக்கு வாரம் ஜாப் மாறும். ஒரே பாகத்தை வருஷம் முழுக்க ஓட்டுகிற புரொடக்‌ஷன் ஷாப்காரர்களுக்கு நான் சொல்வது எதுவும் தேவைப்படாது, அவர்கள் ஒரு தடவை மாட்டினால் முடிந்தது. வாரம் இரண்டு தடவை டூல் மாற்றுபவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி.

முதலில், ஒரு டூலைச் சுற்றி மூன்று நம்பர் இருக்கிறது. மேகசினில் அது உட்கார்ந்திருக்கும் பாக்கெட்டின் நம்பர் ஒன்று. புரோகிராமில் டி5 எம்6 (ஐந்தாம் டூலை மாட்டு) என்று கூப்பிடும் டூல் நம்பர் ஒன்று. நீளத்தைச் சேமித்து வைத்திருக்கும் ஆப்செட் நம்பர், அதாவது ஜி43 எச்5 என்பதில் வரும் அந்த 5, இன்னொன்று. பழைய குடை மாதிரி மேகசின் உள்ள மெஷினில் முதல் இரண்டும் ஒன்றேதான். எடுத்த பாக்கெட்டிலேயே டூலைத் திரும்ப வைத்துவிட்டுத்தான் அது அடுத்ததை எடுக்கும். அந்த மெஷினில் பழகியவர்கள் பாக்கெட் நம்பரையே டூல் நம்பர் என்று நினைத்துக்கொள்வார்கள், அதில் ஒரு பிரச்சினையும் வராது.

ஆர்ம் உள்ள மெஷினுக்கு வரும்போதுதான் வம்பு. ஆர்மின் ஒரு கை ஸ்பிண்டிலில் (டூலைப் பிடித்துச் சுற்றும் தண்டில்) இருக்கும் பழைய டூலைப் பிடிக்கும், மறு கை மேகசினில் தயாராக நிற்கும் புது டூலைப் பிடிக்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் உருவி, அரைச் சுற்று சுற்றி, இடம் மாற்றிச் சொருகிவிடும். அதனால்தான் டூல் மாற்றம் அவ்வளவு வேகமாக நடக்கிறது. ஆனால் இதன் விளைவு என்ன? பழைய டூல், புது டூல் இருந்த பாக்கெட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறது. காலையில் 5ஆம் பாக்கெட்டில் இருந்த டூல் சாயங்காலம் 17இல் இருக்கும், மறுநாள் 2இல் இருக்கும். எது எங்கே இருக்கிறது என்று கண்ட்ரோல், அதாவது மெஷினின் கம்ப்யூட்டர், உள்ளே ஒரு டேபிள் வைத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஃபானுக் கம்பெனி கண்ட்ரோலில் அது பிஎம்சி (மெஷினின் உள் லாஜிக்) டேட்டாவுக்குள் இருக்கும், பெரும்பாலான ஆபரேட்டர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருவர் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, பாக்கெட்டின் மேல் பொறித்திருக்கும் 5 என்ற எண்ணைப் பார்த்து, ‘இதுதானே டி5’ என்று 10 மி.மீ. எண்ட் மில்லை அங்கே சொருகுகிறார். டேபிள் கணக்குப்படி அந்தப் பாக்கெட்டில் இருப்பது டி12. அல்லது டூல் மாற்றத்துக்கு நடுவில் யாரோ எமர்ஜென்சியை அமுக்கிவிட்டார்கள், ஆர்மைக் கையால் திருப்பி எப்படியோ மீட்டாயிற்று, டேபிள் மட்டும் பழைய கணக்கிலேயே நின்றுவிட்டது. முன்பு நான் இருந்த ஒரு ஷாப்பில் இப்படித்தான் ஃபேஸ் மில்லைக் கூப்பிட்டதும் நீளமான டிரில் வந்து நின்றது. ஃபேஸ் மில்லின் நீள ஆப்செட்டோடு ஐம்பது அறுபது மில்லி கூடுதல் நீளமுள்ள டிரில் கீழே இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாறி நடந்திருந்தால், அதாவது டிரில்லைக் கூப்பிட்டுக் குட்டையான ஃபேஸ் மில் வந்திருந்தால், காற்றில் ஓடிவிட்டுப் போயிருக்கும். ஜாப்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் தாடையில் ஒரு ஓட்டை விழுந்தது, ஸ்பிண்டில் பேரிங் சத்தம் போட ஆரம்பித்தது, ஒரு வாரம் மெஷின் நின்றது.

ஆகவே எங்கள் ஷாப்பில் முதல் விதி: மேகசின் கதவு வழியாக டூல் மாட்டக் கூடாது. எம்டிஐயில் (கட்டளையை நேராகத் தட்டும் மோடில்) டி5 எம்6 கொடு, ஸ்பிண்டில் காலியாக வரும், அங்கே கையால் மாட்டு, அடுத்த டூலைக் கூப்பிடு. அது எந்தப் பாக்கெட்டில் போய் உட்கார்ந்தால் உனக்கென்ன? டி5 என்று கூப்பிட்டால் அது வரும். கொஞ்சம் நேரம் பிடிக்கும், புதிதாக வரும் பையன்கள் ‘எதுக்குங்கண்ணா இவ்வளவு சுத்து’ என்று கேட்பார்கள், நான் அந்த வைஸ் தாடையை எடுத்துக் காட்டுவேன். அது இன்னும் என் மேசைக்குக் கீழேதான் கிடக்கிறது, அந்த ஷாப்பிலிருந்து கேட்டு வாங்கி வந்தேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் கெர்னி அண்ட் டிரெக்கர் கம்பெனி மில்வாக்கி மேட்டிக் என்று ஒரு மெஷினைக் கொண்டுவந்தது, தானாக டூல் மாற்றிக்கொள்ளும் மெஷின்களில் முன்னோடி அதுதான். அதில் டூல் ஹோல்டரின் மேலேயே வளையங்களை அடுக்கிச் சங்கேதமாக நம்பர் வைத்திருந்தார்கள். மெஷின் அந்த வளையங்களைத் தடவிப் பார்த்து இது எந்த டூல் என்று கண்டுபிடிக்கும். எந்தக் குழியில் மாட்டினாலும் கவலையில்லை, ஏனென்றால் நம்பர் குழியில் இல்லை, டூலோடு ஒட்டிக்கொண்டு போகிறது. அப்புறம் நினைவகம் விலை குறைந்ததும் வளையத்தைத் தூக்கிவிட்டு டேபிளில் கணக்கு வைக்க ஆரம்பித்தார்கள். இன்று பெரிய கம்பெனிகளில் ஹோல்டருக்குள் ஆர்எஃப்ஐடி சிப் பதிக்கிறார்கள், அதாவது சுற்றிச் சுற்றி அந்த வளையத்துக்கே வந்து நிற்கிறார்கள். எங்களைப் போன்ற ஷாப்புக்குச் சிப் கட்டுப்படியாகாது, ஆனால் அந்த யோசனைக்குக் காசு வேண்டாம். ஹோல்டரில் நம்பரை எழுதிவிட்டால் போதும்.

எழுதுவது என்றதும் மார்க்கர் பேனா என்று நினைக்காதீர்கள், கூலண்ட் அதை இரண்டே ஷிப்டில் கழுவிவிடும். ஸ்டிக்கர் உரிந்து பம்ப் ஃபில்டரில் போய் அடைக்கும். கையில் பிடித்து அதிரவைத்துப் பொறிக்கும் எங்கிரேவர் இருக்கிறதே, அது ஓரத்தில் பிசிறு எழுப்பிவிடும், ஸ்பிண்டிலுக்குள் உட்காரும் கூம்பான டேப்பரிலோ ஃபிளாஞ்சில் ஆர்ம் பிடிக்கும் பள்ளத்திலோ அதை வைத்துவிட்டால் ஹோல்டர் கெட்டது. நாங்கள் எல்லா ஹோல்டரையும் மூட்டை கட்டி லேசர் மார்க்கிங்குக்குக் கொடுத்தோம். ஃபிளாஞ்சுக்குக் கீழே, நட்டுக்கு மேலே, உடம்பில் இரண்டு எதிரெதிர் பக்கங்களில் அரை இஞ்ச் உயரத்துக்குப் பெரிய எழுத்து. எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் கண்ணாடி வழியாகப் படிக்கலாம்.

சரி, என்ன நம்பர் கொடுப்பது? இங்கேதான் ஆளுக்கு ஆள் சண்டை. எங்கள் முறையை மட்டும் சொல்கிறேன்.

ஷாப்பில் இருந்த பழைய புரோகிராம்களை எடுத்து எந்த டூல் அடிக்கடி வருகிறது என்று பார்த்தோம். ஆச்சரியமே இல்லை, பத்துப் பதினைந்து டூல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. 63 ஃபேஸ் மில், 10 மி.மீ. ஸ்பாட் டிரில், 16, 12, 10, 8, 6 எண்ட் மில்கள், ஒரு சாம்பர் டூல், அப்புறம் டிரில்லும் மரை போடும் டேப்பும் ஜோடி ஜோடியாக: 5.0 டிரில்லும் எம்6உம், 6.8உம் எம்8உம், 8.5உம் எம்10உம். மொத்தம் பதினாலு. இவற்றுக்கு டி1 முதல் டி14 வரை கொடுத்து, மூன்று விஎம்சியிலும் இதே நம்பரில் நிரந்தரமாக மாட்டிவிட்டோம். ஜாப் முடிந்தாலும் கழற்றுவதில்லை. டி11 என்றால் எங்கள் ஷாப்பில் 6.8 டிரில், எந்த மெஷின் என்று கேட்கவே தேவையில்லை. மெஷின் ஒன்றில் ஓடிய புரோகிராமை அவசரத்துக்கு மெஷின் மூன்றில் போடலாம். மீதிப் பாக்கெட்டுகள் ஜாப்புக்கு ஜாப் மாறும் டூல்களுக்கு, 24 பாக்கெட் மெஷினில் பத்து, பழைய 20 பாக்கெட் மெஷினில் ஆறு.

டிரில்லையும் டேப்பையும் ஏன் அடுத்தடுத்து வைத்தோம் என்றால், அந்த 20 பாக்கெட் மெஷின் குடை வகை. டூல் மாற்றும் நேரத்தில்தான் அது சுற்றும், 3இலிருந்து 15க்குப் போக வேண்டுமென்றால் நாம் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஆர்ம் மெஷினில் அடுத்த டூலை முன்கூட்டியே கூப்பிட்டு வைத்துவிடலாம், வெட்டு நடக்கும்போதே அது தயாராக வந்து நிற்கும், அங்கே வரிசைக்கு அர்த்தமே இல்லை, எப்படியும் நாலு நாளில் எல்லாம் கலைந்துவிடும். ஆனாலும் ஒரே நம்பர் வேண்டும் என்பதால் மெதுவான மெஷினுக்கு ஏற்றபடியே எல்லாவற்றுக்கும் வைத்தோம்.

நிரந்தர டூல் என்பது நீளத்தை எங்கிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பலிக்கும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நம்மூரில் பெரும்பாலும் ஒவ்வொரு டூலையும் ஜாப்பின் மேல்முகத்தில் தொட்டு அந்த மதிப்பை எச்இல் போடுவார்கள், ஜாப் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஜி54இல் இசட், அதாவது உயரம், சும்மா ஜீரோவாக இருக்கும். அடுத்த ஜாப் பத்து மில்லி உயரம் என்றால் பதினாலு டூலையும் மறுபடி தொட வேண்டும். அப்படியானால் மாட்டியே வைத்திருந்து என்ன பலன்? எங்கள் ஷாப்பில் 50 மி.மீ. டயல் செட்டரை (டூல் நீளம் எடுக்கும் கருவி) மெஷினின் மேடையான டேபிள் மேல் எப்போதும் ஒரே இடத்தில் வைத்து டூல்களைத் தொடுகிறோம், அந்த மதிப்பு டேபிளுக்கும் டூலுக்கும் உள்ள உறவு மட்டும்தான், அதில் ஜாப்புக்கு வேலையில்லை. ஜாப்பின் உயரம் ஜி54 இசட்டில் போய்விடும், ஒரே ஒரு எண். டூல் உடைந்து மாற்றினால் ஒழிய அதன் எச் மதிப்பைத் தொடத் தேவையில்லை. இந்த மாற்றத்தைச் செய்ய வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது, லேசர் மார்க்கிங் எல்லாம் ஒன்றுமே இல்லை. எங்கள் சீனியர் செட்டர் ஜாப்பைத் தொட்டால்தான் எனக்கு நம்பிக்கை என்று பல மாதம் முரண்டு பிடித்தார். ஒரு நாள் அவசர ஜாப், எல்லா டூலும் உள்ளேயே இருக்கிறது, ஜி54 மட்டும் எடுத்துவிட்டு ஸ்டார்ட் போட்டார். அதற்கப்புறம் முரண்டு இல்லை.

டூல் நம்பரும் எச் நம்பரும் ஒன்றாகவே இருக்க வேண்டும், டி5 என்றால் எச்5, இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. ஹாஸ் கண்ட்ரோலில் செட்டிங் 15 என்று ஒன்று இருக்கிறது, டூலும் எச்சும் ஒத்துப்போகாவிட்டால் அலாரம் அடித்து நிறுத்திவிடும். ஃபானுக்கில் அப்படி நேரடியாகக் கிடையாது, மேக்ரோ இருந்தால் நாமே எழுதிக்கொள்ளலாம்: #4120இல் கடைசியாகக் கூப்பிட்ட டூல் நம்பர் இருக்கும், #4111இல் எச் இருக்கும், இரண்டும் வேறாக இருந்தால் #3000 போட்டு நிறுத்து. ஆனால் கவனம், அடுத்த டூலை முன்கூட்டியே கூப்பிடும் பழக்கம் இருந்தால் #4120 அந்த அடுத்த டூலைத்தான் காட்டும், ஸ்பிண்டிலில் இருப்பதை அல்ல. அப்போது நன்றாக ஓடும் புரோகிராமும் அலாரத்தில் நின்று கடுப்பேற்றும். எம்6 முடிந்த உடனே, முன்கூட்டிக் கூப்பிடுவதற்கு முன்னால், அந்த மதிப்பை வேறொரு மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் சரியாக வரும்.

ஒரே டூலுக்கு இரண்டு ஆப்செட் தேவைப்படும் இடங்களும் உண்டு. டி-ஸ்லாட் கட்டரின் அடிமுகத்துக்கு ஒன்று, மேல்முகத்துக்கு ஒன்று. ஒரே எண்ட் மில்லில் ரஃபுக்கு ஒரு ஆர ஆப்செட், ஃபினிஷுக்கு வேறொன்று. அதற்கு 50ஐக் கூட்டுகிறோம், டி16இன் இரண்டாவது ஆப்செட் 66. எங்கள் மெஷின்களில் டூல் நம்பர் 24க்கு மேல் போகாததால் எதுவும் மோதாது. ஆப்செட் பக்கத்தில் 66ஐப் பார்த்தாலே அது 16இன் இன்னொரு முகம் என்று யாருக்கும் புரியும்.

மாறும் டூல்களுக்கு வருவோம். ஷாப்பில் ஹோல்டரோடு தயாராக இருக்கும் டூல்கள் பாக்கெட்டுகளைவிடப் பல மடங்கு அதிகம். இவற்றுக்கு மூன்று இலக்கத்தில் ஷாப் நம்பர். முதல் இலக்கம் மட்டும் குடும்பம்: 1 ஃபேஸ் மில், 2 எண்ட் மில், 3 பால் நோஸ், 4 டிரில், 5 டேப், 6 ரீமரும் போரிங்கும், 7 மற்றதெல்லாம். அடுத்த இரண்டு இலக்கமும் வெறும் வரிசை எண், அதில் எந்த அர்த்தமும் இல்லை. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். டயாமீட்டரை நம்பருக்குள் புகுத்திவிடலாம், 10 எண்ட் மில் என்றால் 210, 12 என்றால் 212 என்று பலருக்கும் முதலில் தோன்றும். 10 மில்லியில் மூன்று ஃப்ளூட் (வெட்டுப் பள்ளம்) ஒன்று, நாலு ஃப்ளூட் ஒன்று, நீளக் கழுத்து ஒன்று, 0.5 கார்னர் ரேடியஸ் ஒன்று வந்ததும் அந்தக் கணக்கு சிரிப்பாய்ச் சிரித்துவிடும். 10.2 டிரில்லை எந்த நம்பரில் அடைப்பீர்கள்? அர்த்தம் கேட்கிறவர்கள் டூல் லைப்ரரியைத் திறந்து பார்க்கட்டும், நம்பருக்கு ஒரே வேலைதான், இன்னொன்றோடு குழம்பாமல் இருப்பது.

நிரந்தர டூல்களுக்கும் இந்த ஷாப் நம்பர் உண்டு. டி5 என்பது 10 மி.மீ. எண்ட் மில்லின் இடம், அவ்வளவுதான். அலுமினியம் ஓடும் மெஷினில் அங்கே கோட்டிங் இல்லாத மூன்று ஃப்ளூட் நிற்கும், இஎன்8 ஓடும் மெஷினில் கோட்டிங் போட்ட நாலு ஃப்ளூட் நிற்கும். பாதை ஒன்றாக இருந்தாலும் ஸ்பீடும் ஃபீடும் ஒன்றாகாது. செட்டப் ஷீட்டில் டி5க்குப் பக்கத்தில் 214 என்றோ 221 என்றோ இருக்கும், ஹோல்டரில் பொறித்திருப்பதும் அதே எண். வெட்டும் பாதையைத் தயாரிக்கும் கேம் சாப்ட்வேர் லைப்ரரியிலும் அதே எண். இந்த மூன்று இடத்திலும் ஒரே எண் இல்லாவிட்டால் நம்பர் போட்டதே வீண்.

இந்த எண் எதற்குச் சொந்தம் என்பதையும் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். கட்டருக்கா ஹோல்டருக்கா? இரண்டும் சேர்ந்த முழு செட்டுக்கு: ஹோல்டர், கட்டரை இறுக்கிப் பிடிக்கும் கொலட், கட்டர், நட்டுக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்ற அளவு. கட்டர் தேய்ந்தால் அதே மாதிரி கட்டரை அதே நீட்டத்தில் மாட்டு, எண் மாறாது, நீளத்தை மட்டும் மறுபடி எடு. நீட்டத்தைக் கூட்டிக் குறைத்தால் அது வேறு டூல், கேம் சாப்ட்வேரில் ஹோல்டர் இடிக்குமா என்று பார்த்ததெல்லாம் அந்த நீட்டத்தை நம்பித்தான். ரீகிரைண்ட் செய்து வந்த எண்ட் மில்லும் வேறு டூல்தான், 10 இப்போது 9.7 ஆகியிருக்கும். அதை டி5இல் மாட்டவே கூடாது, அதற்கென்று தனி ஷாப் நம்பர், தனி ஆர ஆப்செட், ரஃப் வேலைக்கு மட்டும்.

நீளத்தை மறுபடி எடுக்கும்போது ஒரு சின்ன விஷயம். ஃபானுக்கில் ஜியோமெட்ரி என்றும் வியர் என்றும் இரண்டு கட்டம் உண்டு. பழைய கட்டர் தேயத் தேய வியரில் மைனஸ் 0.05, 0.08 என்று சேர்த்திருப்பார்கள். புதுக் கட்டர் மாட்டி ஜியோமெட்ரியை மாற்றுவார்கள், வியரை ஜீரோ பண்ண மறந்துவிடுவார்கள், முதல் பீஸ் அளவு கெட்டுப்போகும். ‘மெஷின்ல ஏதோ பேக்லாஷ்ங்க’ என்று எனக்குப் போன் வரும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானவை டேப்கள். எம்8இல் 1.25 பிட்ச் டேப்பும் ஃபைன் 1.0 டேப்பும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். ரிஜிட் டேப்பிங்கில் ஃபீட் என்பது ஆர்பிஎம்மைப் பிட்சால் பெருக்குவது, ஒன்றுக்குப் பதில் மற்றது உள்ளே போனால் மரை நாசம். அதைவிட மோசம் ஃபார்ம் டேப். அது வெட்டாது, உலோகத்தை நெரித்து மரையை எழுப்பும், அதனால் எம்8க்கு ஓட்டை 7.4 பக்கம் வேண்டும். வெட்டும் டேப்புக்குப் போட்ட 6.8 ஓட்டையில் ஃபார்ம் டேப்பை இறக்கினால் உடைந்து உள்ளேயே நிற்கும், அப்புறம் அதை மின்பொறியால் அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன்காரரைத் தேடி ஓட வேண்டும். எங்கள் டிராயரில் டேப்பைத் தனியாகவும் டிரில்லைத் தனியாகவும் வைப்பதில்லை, ஒரு டேப்பும் அதன் டிரில்லும் ஒரே குழியில். ஃபார்ம் டேப் ஹோல்டரில் சிவப்புப் பிளாஸ்டிக் வளையம். வேறு எதற்கும் சிவப்பு வளையம் கிடையாது.

மூன்று மெஷினிலும் ஒரே நம்பர் என்று பெருமையாகச் சொன்னேன் அல்லவா, அதற்கு வேட்டு வைத்தது புல் ஸ்டட், அதாவது ஸ்பிண்டில் ஹோல்டரை இழுத்துப் பிடிக்கும் குமிழ். மூன்றுமே பிடி40 டேப்பர்தான், ஆனால் பழைய மெஷினின் கிரிப்பர் கேட்கும் ஸ்டட்டின் கோணம் வேறு. இரண்டையும் எம்16 மரையில் மாட்டலாம், மாட்டுவதற்கு ஒரு தடையும் இல்லை, அதுதான் பயமே. ஸ்பிண்டில் சரியாகப் பிடித்ததா இல்லையா என்பது வெட்டு விழும்போதுதான் தெரியும். ஆகவே பழைய மெஷினுக்கு ஹோல்டர்களைத் தனியாகவே ஒதுக்கிவிட்டோம், ஷாப் நம்பருக்கு முன்னால் ஒரு புள்ளி பொறித்திருக்கும், அவற்றின் டிராலியும் வேறு. செலவுதான். எல்லா ஸ்டட்டையும் ஒரே மாதிரி மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள், அதற்குக் கிரிப்பரையே மாற்ற வேண்டும், அந்த மெஷினின் வயசுக்கு முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார்.

டிராலி என்றதும் ஞாபகம் வருகிறது. மரக்கட்டையில் ஓட்டை போட்டு ஹோல்டர்களை நிற்க வைக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. மரம் கூலண்ட் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், டேப்பரில் துரு பிடிக்கும். பிளாஸ்டிக் சாக்கெட் ஒன்றும் பெரிய விலை இல்லை. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் முன்னால் ஷாப் நம்பர், இந்த டூலுக்கு இந்த இடம்தான். சாக்கெட் காலியாக இருந்தால் அந்த டூல் ஏதோ மெஷினுக்குள் இருக்கிறது, எந்த மெஷின் என்பதற்கு அந்தக் குழியில் ஒரு டோக்கன் கிடக்கும்: 1, 2, 3, அல்லது ரீகிரைண்டுக்குப் போனதென்றால் ஆர். எக்ஸெல் ஷீட்டில் இதைச் செய்து பார்த்தோம், ஒருவரும் எழுதவில்லை. டோக்கனைப் போடுவதற்குக் கையைக்கூடத் துடைக்க வேண்டாம், அதனால் போடுகிறார்கள்.

கொலட்டுகளில் ஈஆர்32 மட்டும்தான் வைத்திருக்கிறோம், சின்ன டூலுக்குக் கொஞ்சம் ஈஆர்16. ஒவ்வொரு ஈஆர்32 கொலட்டும் ஒரு மில்லி வரை சுருங்கும், 10-9 என்று போட்டிருந்தால் 10க்கும் 9க்கும் இடையில் எதையும் பிடிக்கும், ஆனால் 10ஐப் பிடிக்கும்போதுதான் ஆட்டம் குறைவு. நைட் ஷிப்டில் கைக்குக் கிடைத்த கொலட்டில் மாட்டிவிட்டு டிரில் ஆடுகிறது என்பார்கள். செட்டைக் கலைக்காமல் வைத்திருந்தால் இந்தப் பேச்சே எழாது.

இன்சர்ட், அதாவது மாற்றி மாட்டும் வெட்டு முனைத் துண்டு, பற்றிக் கொஞ்சம். டர்னிங்கில் ஓடும் சிஎன்எம்ஜி 120404உம் 120408உம் பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டால் அவசரத்தில் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள், மூக்கு ரேடியஸ் ஒன்றில் 0.4, மற்றதில் 0.8. அளவும் ஃபினிஷும் இரண்டுமே மாறும். ஆகவே இன்சர்ட்டைத் தனியாகக் கொடுப்பதே இல்லை, பெட்டியோடு மெஷினுக்குப் போய்ப் பெட்டியோடு திரும்பி வர வேண்டும். பெட்டிகள் நிறப்படி அடுக்கியிருக்கும், ஸ்டீலுக்கு நீலம், ஸ்டெயின்லெஸுக்கு மஞ்சள், வார்ப்பிரும்புக்குச் சிவப்பு, அலுமினியத்துக்குப் பச்சை. இது நாங்கள் கண்டுபிடித்ததில்லை, ஐஎஸ்ஓ வகைப்படுத்தலே அப்படித்தான், தயாரிப்பாளர்கள் பெட்டியிலேயே போட்டு அனுப்புகிறார்கள். சிஎன்எம்ஜிக்கு நாலு முனை உண்டு, தேய்ந்த முனையில் மார்க்கரால் ஒரு புள்ளி. இங்கே மட்டும் மார்க்கர் பேனாவுக்கு வேலை இருக்கிறது.

டர்னிங் சென்டரில் நம்பர் தகராறே கிடையாது. டரட் என்ற சுழலும் டூல் தலையில் 12 ஸ்டேஷன், டி0303 என்றால் மூணாவது ஸ்டேஷன், மூணாவது ஆப்செட், முடிந்தது. ஒற்றைப்படையில் வெளி விட்டத்து டூல்களையும் இரட்டைப்படையில் போரிங் பார்களையும் போட்டால் பக்கத்து டூல் சக்கில் இடிக்கும் தொல்லை குறையும் என்பது பழைய செட்டர்கள் எல்லாருக்கும் தெரிந்ததே.

சீமென்ஸ் கண்ட்ரோலில் நம்பரே வேண்டாம், டூலுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடலாம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நண்பர் ஒருவர் ஷாப்பில் போய்ப் பார்த்தேன்: இஎம்10, 10இஎம், எண்ட்மில்10, எண்ட்மில்10 நியூ என்று ஒரே டூல் நாலு பெயரில் கிடக்கிறது, கடைசியில் எதற்கு எந்த நீளம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்தபின் சொன்னேன், பெயருக்குப் பதிலாக ஹோல்டரில் இருக்கும் ஷாப் நம்பரையே பெயராகப் போட்டுவிடுங்கள் என்று. இப்போது அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

திங்கட்கிழமை காலையில் முதல் ஷிப்ட் ஆபரேட்டர் செய்யும் வேலை ஒன்று உண்டு. எம்டிஐயில் டி1 எம்6, டி2 எம்6 என்று வரிசையாகக் கூப்பிட்டு, ஸ்பிண்டிலில் வந்து நிற்கும் ஹோல்டரின் ஷாப் நம்பரைக் கண்ணாடி வழியாகப் படித்துச் செட்டப் ஷீட்டோடு சரிபார்ப்பது. டேபிள் குழம்பியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகிறது. எமர்ஜென்சி அமுக்கிய எந்த நாளிலும் இதையே மறுபடி செய்ய வேண்டும், அது எந்த ஷிப்டாக இருந்தாலும்.

இன்னும் தீராத ஒரு வாக்குவாதம் இருக்கிறது, ஜாப்பைத் தொட்டு அளக்கும் புரோபுக்கு எந்த நம்பர் என்பது. மெஷின் இரண்டுக்குப் போன வருஷம் ஒரு டச் புரோப் வாங்கினோம். கடைசி நம்பரான டி24தான் அதற்குச் சரி, கண்ணை மூடிக்கொண்டு ஞாபகம் இருக்கும் என்கிறார் செட்டர். பழைய மெஷினில் 20க்கு மேல் பாக்கெட்டே இல்லை, நாளைக்கு அங்கேயும் புரோப் போட்டால் என்ன செய்வீர்கள், அதனால் எல்லாவற்றிலும் டி20 என்கிறேன் நான். அந்த மெஷினுக்கு யார் சார் புரோப் வாங்கித் தரப்போகிறார்கள் என்று அவர் சிரிக்கிறார். இப்போதைக்கு டி20தான், செட்டப் ஷீட் பிரிண்ட் எடுப்பது நான் என்பதால்.